தப்பான பவர் மாத்திரை போய்விட்டது, மாற்றியும் கொடுத்தாயிற்று. நடந்ததை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?

ஏற்காடுரோடு_டிஃபார்ம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பேச எனக்கு வேறு இடம் இல்லை.

சேலத்தில் ஏற்காடு ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். டி.ஃபார்ம் முடித்துப் பதிவு செய்து பத்து மாதம் ஆகிறது, கடை லைசன்ஸில் ஃபார்மசிஸ்ட் என்று இருப்பது என் பெயர்தான். பஸ் நிற்கிற இடம் பக்கம் என்பதால் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் நிறையப் பேர் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சாயங்காலக் கூட்ட நேரத்தில் மலையில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், அறுபது வயது தாண்டியிருக்கும். சர்க்கரைக்குச் சீட்டு. கிளிமெபிரைடு 1 மி.கி.யும் மெட்ஃபார்மின் 500ம் சேர்ந்த மாத்திரை, காலையில் ஒன்று, 30 நாளைக்கு. கடைப் பையன் எடுத்துக் கொடுத்தது அதே கம்பெனியின் 2 மி.கி. அட்டை. இரண்டு அட்டையும் ஒரே நிறம், ஒரே எழுத்து, பெயருக்குப் பின்னால் வரும் எண் மட்டும்தான் வேறு, தட்டிலும் அடுத்தடுத்துத்தான் இருந்தன. நான் அப்போது ஃப்ரிட்ஜில் இன்சுலின் எண்ணிக்கொண்டிருந்தேன். பையன் பில்லை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். அட்டையை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்டாக் சரிபார்க்கும்போது 1 மி.கி.யில் இரண்டு அட்டை அதிகம், 2 மி.கி.யில் இரண்டு அட்டை குறைவு. பில்லைப் புரட்டினால் அந்த அம்மா. பில்லில் பெயரும் ஊரும் இருக்கிறது, போன் நம்பர் இல்லை. என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருக்கும்போதே மறுநாள் அவர் மகன் வேறு எதற்கோ கடைக்கு வந்தார், மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு அடிக்கடி வருகிறவர். முதலாளி என்னை முந்திக்கொண்டு, "அந்த லாட்டைக் கம்பெனிக்காரங்க திருப்பி எடுக்கிறாங்க, அட்டையைக் கொண்டாந்து கொடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவர் ஊரில் யாரிடமோ சொல்லி, பஸ்ஸில் இறங்கி வந்த ஒருவர் கையில் அட்டையை வரவழைத்துவிட்டார். பதினோரு மாத்திரை தீர்ந்திருந்தது. 1 மி.கி. அட்டை கொடுத்தாயிற்று. முதலாளி "முடிஞ்சுது, விடு" என்றார்.

எனக்கு முடியவில்லை. அந்த மகன் கடையில் நின்றபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அம்மாவுக்கு ஒரு வாரமாகக் காலை பத்து, பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, கீழே கூட்டி வந்து ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள், அடுத்தது இதய டாக்டரைப் பார்க்கணும் என்று. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சொன்னால் வேலை போகும் என்று நினைக்கிறேன். கேஸ் போடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. ஆனால் மாத்திரை மாறிவிட்டதே, இனி ஆபத்து இல்லையே, பழசைக் கிளறி அந்த அம்மாவை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று முதலாளி கேட்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மட்டுறுத்துநர்:

பதிவில் இருந்த கிராமத்தின் பெயரை நான் எடுத்துவிட்டேன். சிறிய ஊர், வயது, மகனின் தொழில் எல்லாம் சேர்ந்தால் யார் என்று தெரிந்துவிடும். பதில் எழுதுகிறவர்களும் ஊரை ஊகிக்க வேண்டாம்.

கடைக்காரன்22:

தம்பி, நான் 19 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். உன் மனசு புரிகிறது. ஆனால் உன் முதலாளி பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் தொழில் முழுக்க நம்பிக்கையில் ஓடுவது. மலை ஊர்களில் ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் அது போகிற வேகம் வேறு, "அந்தக் கடையில மாத்தி கொடுத்துட்டாங்க, ஆளே போயிருப்பா" என்று நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் கதை மாறிவிடும். அந்தப் பேருக்குப் பிறகு கடை எழுந்திருக்காது, இரண்டு மூன்று குடும்பம் அதை நம்பித்தான் இருக்கிறது.

அதோடு, வயதானவர்கள். மாத்திரை தப்பாக வந்தது என்று ஒரு தடவை காதில் விழுந்தால் அப்புறம் எந்த மாத்திரையையும் நம்ப மாட்டார்கள். சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று வேப்பங்கொழுந்துக்கும் வெந்தயத்துக்கும் போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், சிலருக்குக் கால் போயிருக்கிறது. தப்பைக் கண்டுபிடித்தீர்கள், சரி செய்தீர்கள். பையனைக் கண்டியுங்கள், தட்டை மாற்றி அடுக்குங்கள். அந்த அம்மாவிடம் போய்ச் சொல்வதால் உன் மனசு லேசாகும், அவருக்கு என்ன கிடைக்கும்?

வெள்ளைக்கோட்டு:

கடைக்காரன் அண்ணன் கடைசியில் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர், 24 வருடம் சர்வீஸ்.

அந்த அம்மாவுக்கு வந்த வேர்வையும் நடுக்கமும் படபடப்பும் சர்க்கரை இறங்கினால் வருகிற அடையாளங்கள். 70க்குக் கீழே போனால் உடம்பு அப்படித்தான் கூப்பிடும். கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது வேலை செய்யும், வயதானவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதையாகக் கொடுக்க வேண்டியது. அதன் அளவு இரண்டு மடங்காகப் போயிருக்கிறது. இதுதான் காரணம் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இந்த விஷயம் இப்போது யாருக்குத் தெரியும்? உனக்கும் உன் முதலாளிக்கும் பையனுக்கும். பார்க்கப்போகிற டாக்டருக்குத் தெரியாது. அவர் முன்னால் ஒரு வயதான அம்மா வந்து "நெஞ்சு படபடக்குது, வேர்க்குது" என்று சொன்னால் அவர் இதயத்தைத்தான் தேடுவார், தேடவும் வேண்டும். எக்கோ எழுதுவார், டிரெட்மில் எழுதுவார், படபடப்புக்கு என்று பீட்டா பிளாக்கர் ஒன்று எழுதினாலும் எழுதுவார். அந்த மருந்து சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், அடுத்த தடவை இறங்கினால் உடம்பு முன்கூட்டிச் சொல்லாது. மாத்திரையை மாற்றியது மட்டும் திருத்தம் ஆகாது தம்பி. அவர் உடம்பைப் பற்றிய ஒரு தப்பான கதை வெளியே போய்விட்டது, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்த முடிந்தவர் நீ ஒருவர்தான்.

என் கதையையும் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் அம்மாபேட்டைப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி நாடா போட முடியாமல் வந்தவர், மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தார்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. நான் ஜன்னல் வழியாக மாத்திரையை நீட்டி, "ஒரு வாரத்துக்கு ஒண்ணு" என்றேன். அவர் காதில் விழுந்தது "ஒரு வாரத்துக்கு, தினம் ஒண்ணு". அஞ்சாம் நாள் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் கூட விழுங்க முடியாமல் வந்து சேர்ந்தார். வார்டில் சேர்த்து, அதற்கு முறிவு மருந்தான ஃபோலினிக் அமிலம் போட்டு, ரத்த அணுக்கள் ஏறும்வரை இருந்து பிழைத்து வந்தார். வார்டில் எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள், "படிச்சுப் பார்க்க மாட்டீங்களா பெரியவரே" என்று. இரண்டு நாள் நானும் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், நான் சொன்ன விதம்தான் தப்பு, உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்குக் காது மந்தமாயிருச்சோன்னு நினைச்சேம்மா" என்றார். அன்றிலிருந்து அந்த மருந்துக்குக் கிழமை கேட்காமல் நான் கவரை நீட்டியதில்லை. "எந்தக் கிழமை சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்பேன், அவர் வாயால் ஞாயிறு என்றோ வெள்ளி என்றோ வந்த பிறகுதான் அதைக் கவர் மேல் எழுதுவேன்.

இப்போது உன் விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மாத்திரை கொடுத்த அன்று அந்த அம்மா காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று யாராவது கேட்டீர்களா? சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் திரும்பக் குடிக்க வேண்டும், அப்புறம் சோறோ இட்லியோ சாப்பிட வேண்டும், நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்ய வேண்டும், இதை யாராவது சொன்னீர்களா? 2015ல் வந்த பார்மசி பிராக்டிஸ் ஒழுங்குமுறைகளில் நோயாளிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எதற்கான மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்க விளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, எங்கே வைப்பது. அட்டை மாறியது பையன் கையில் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டது உன் பக்கம். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, நான் தாண்டி வந்த இடம்தான்.

போய்ச் சொல். போனில் வேண்டாம், நேரில் போ. என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியத்தில் சொல், தப்பு எங்கள் மேல் என்று சொல், டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்று சொல். பையன் மேல் போடாதே. "ஒண்ணும் ஆகலையே" என்று நீ சொல்லாதே, அதைச் சொல்ல வேண்டியது அவர். இன்னொன்று, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800 180 3024. பாதகமான விளைவு என்று அங்கே தெரிவிக்கலாம். அந்தப் படிவத்திலேயே, தெரிவிப்பதால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று அச்சடித்திருப்பார்கள்.

கோர்ட்_வாசல்:

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். சேலத்தில் நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறேன்.

1948ம் வருடப் பார்மசி சட்டம் 42ம் பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் வேலை. 1945ம் வருட மருந்து விதிகளில் 65ம் விதியும் அதையே சொல்கிறது, ஃபார்மசிஸ்ட் தானே கொடுக்க வேண்டும் அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். கடையில் எங்கேயோ ஒரு மூலையில் இருப்பதை மேற்பார்வை என்று யாரும் ஏற்க மாட்டார்கள். அதனால் பையன்தான் எடுத்தான் என்ற வாதம் உங்களுக்கு உதவாது. பில்லில் இருப்பது உங்கள் கையெழுத்து.

இனி முக்கியமானது. 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், கவனக்குறைவால் நஷ்டமோ காயமோ உண்டாக்குவது என்று ஒன்று, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது என்று இன்னொன்று, இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். பழைய 1986 சட்டத்தின் விளக்கத்தில் மறைப்பது இப்படித் தனியாக இல்லை. மருந்துக் கடை விற்பது சரக்கா, செய்வது சேவையா என்று எதிர்த் தரப்பு வாதாடலாம், அது வேறு. ஆனால் படித்துப் பாருங்கள், அட்டை மாறியது முதல் வகை, கை தவறியது என்று சொல்ல முடியும். கம்பெனி திருப்பி எடுக்கிறது என்று சொன்னது இரண்டாவது வகை. அதைக் கை தவறியது என்று எப்படிச் சொல்வீர்கள்? கம்பெனி உண்மையில் திருப்பி எடுத்தால் பேட்ச் எண்ணோடு கடிதம் வரும், டீலருக்குத் தெரியும். அப்படி எதுவும் இல்லை என்று ஒரே போனில் தெரிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று எல்லாரும் கேட்பார்கள். சில நாடுகளில் மன்னிப்புக் கேட்டதைக் கோர்ட்டில் எதிராகக் காட்டக் கூடாது என்று தனிச் சட்டம் உண்டு. நம்மிடம் இல்லை. நீங்கள் சொன்னதை ஒருவர் பின்னால் எடுத்துக் காட்டலாம், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் சீட்டு இருக்கிறது, பேட்ச் எண்ணோடு பில் இருக்கிறது, ஸ்டாக் கணக்கு இருக்கிறது. நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தப்பு காகிதத்தில் ஏற்கனவே பதிந்துவிட்டது. வழக்குப் போட அவர்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பு நடந்ததற்காக வருகிறவர்கள் இல்லை, கேட்டபோது பதில் சொல்லாமல் விரட்டினார்கள் என்று வருகிறவர்கள்.

வேலை போகும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. லைசன்ஸில் இருக்கிற ஃபார்மசிஸ்ட் மாறினால் ஒரு மாதத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஃபார்மசிஸ்ட் இல்லாமல் சீட்டு மருந்து கொடுக்க முடியாது. உங்களை அனுப்புவது உங்கள் முதலாளிக்கு அவ்வளவு எளிதில்லை.

ஏற்காடுரோடு_டிஃபார்ம்:

ரொம்ப நன்றி. அக்கா சொன்ன பீட்டா பிளாக்கர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, படித்ததுதான், ஆனால் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரம் கேட்கவில்லை அக்கா. கவர் மேல் "காலை 1" என்று பையன் எழுதியிருப்பான், அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம். மகனிடம் சொல்வதா, அம்மாவிடம் சொல்வதா? மகன் நம்பர் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் கோபக்காரர் மாதிரித் தெரிகிறது, ஆனால் விவரம் தெரிந்தவர், புரியும். அம்மாவுக்கு மில்லிகிராம் கணக்கெல்லாம் எப்படிச் சொல்வது?

மலைப்பாதை:

நான் மலையில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அம்மாவிடம்தான் சொல்லணும் தம்பி. நோய் அவருடையது, மாத்திரையை விழுங்கினது அவர். மகனிடம் முதலில் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா, "உனக்கு ஒண்ணுமில்ல, மாத்திரை மாறிப்போச்சாம், விடு" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அவர் கேட்க நினைத்ததை யாரிடம் கேட்பார்? அம்மாவிடம் சொல்லிவிட்டு, மகனையும் கூப்பிடட்டுமா என்று அவரையே கேளுங்கள்.

மில்லிகிராம் வேண்டாம். இரண்டு அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இது ஒரு மடங்கு, இது ரெண்டு மடங்கு, டாக்டர் எழுதினது இது, நாங்க கொடுத்தது அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது நன்றாகவே புரியும். காப்பிச் செடிக்கு மருந்து கலக்கும்போது ஒரு மூடிக்கு ரெண்டு மூடி ஊற்றினால் இலை கருகும் என்று உங்களையும் என்னையும் விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் போகிறபோது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இதை மறக்காதீர்கள். நான் போகிற வீடுகளில் அரிசி டப்பாவிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், சுருக்குப் பையிலும் மாத்திரை இருக்கும். நாங்கள் கொடுத்த மெட்ஃபார்மின் ஒரு பக்கம், சேலத்தில் தனியார் டாக்டர் எழுதிய மாத்திரை ஒரு பக்கம், இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கடைக்காரர்கள் அட்டையை நாலு நாலாக வெட்டிக் கொடுத்துவிடுவதால் பெயரும் இருக்காது, பவரும் இருக்காது, பார்த்தாலும் எனக்கே தெரியாது. தயவுசெய்து பெயர் இருக்கிற பக்கத்தை விட்டு வெட்டுங்கள், இதை இங்கே எல்லாக் கடைக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைக்காரன்22:

வெள்ளைக்கோட்டு அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இதய டாக்டரிடம் போகிறார் என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை, அந்தக் காரணத்துக்காகச் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குள் பேச்சு பரவும் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை, பரவும், அதற்குத் தயாராகப் போ. ஈ.சி.ஜி. செலவை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போ தம்பி, அவர் தரவில்லை என்றால் என்னிடம் சொல்லாதே, அவரிடமே இன்னொரு தடவை கேள்.

ஏற்காடுரோடு_டிஃபார்ம்:

நேற்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன். எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி முதலாளியிடம் போகப் போகிறேன் என்று சொன்னேன், அனுமதி கேட்கவில்லை. அவர் கத்தினார். மறைத்தது தனிக் குறைபாடாக நிற்கும் என்று வக்கீல் அண்ணன் எழுதியதைக் காட்டினேன், அதற்கு மேல் பேசவில்லை. பணம் தரவில்லை.

முதல் பஸ்ஸில் ஏறி, இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடை. வீட்டு வாசலில் அந்த அம்மா மிளகு காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னை மருந்துக் கடைக்காரன் என்று அடையாளம் தெரிந்தது, "என்ன சாமி இம்புட்டு தூரம்" என்றார். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு அட்டையையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். மலைப்பாதை அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன். டாக்டர் எழுதினது இது, நாங்க கொடுத்தது இது, ரெண்டு மடங்கு, பதினோரு நாள் நீங்க சாப்பிட்டீங்க, கம்பெனி திருப்பி எடுக்குதுன்னு சொன்னது பொய், பார்க்காம கையெழுத்துப் போட்டது நான். சொல்லும்போது குரல் வரவில்லை, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டது, "அப்ப எனக்கு நெஞ்சு வலி இல்லையா?"

இதயத்தில் ஏதோ வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு தோட்ட வேலைக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். ராத்திரி தனியாகப் படுக்கப் பயந்து பேத்தியைப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார். ஏரிப் பக்கம் சந்தைக்குக் கூடப் போகவில்லையாம், வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. இதில் எதையும் மகனிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார், நான் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல முடியாது, டாக்டர்தான் சொல்லணும், ஆனா அந்த வேர்வையும் நடுக்கமும் இதனால வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் சாப்பாட்டு நேரம் கேட்டேன். விடிகாலையில் சர்க்கரை போடாத வரக்காப்பி, உடனே மாத்திரை, தோட்டத்துக்கு நடை, பதினொரு மணிக்குத்தான் கூழ். இப்போது 1 மி.கி. சாப்பிடும்போதும் எப்போதாவது வேர்க்கிறதாம். எனக்கு அங்கேயே கை சில்லிட்டுவிட்டது. சரியான அட்டையையே முதல் நாள் கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்கும், நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நடந்திருக்காது. டப்பாவில் இருந்த மாத்திரை எல்லாம் பார்த்தேன், வேறு சர்க்கரை மாத்திரை இல்லை, பிரஷர் மாத்திரை மட்டும். சாப்பாட்டோடுதான் போட வேண்டும், கூழ் குடிக்காமல் போடக் கூடாது, இடுப்புச் சுருக்கில் கொஞ்சம் சர்க்கரை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லுங்க என்று கேட்டேன். இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

மகனையும் அவரே கூப்பிட்டார். மகன் எழுந்து நின்று கத்தினார், கடைக்கு வருவேன் என்றார், அவர் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. ஈ.சி.ஜி. ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், சம்பளம் வந்ததும் நான் கொடுப்பேன். அந்த அம்மா பார்க்கப்போகிற டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து நடந்த தேதி, அளவு, சாப்பாட்டு நேரம் எல்லாம் சொன்னேன், புதன்கிழமை முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்கிறேன் என்றார். அதையே ஒரு தாளில் எழுதி அந்த அம்மா கையிலும் கொடுத்திருக்கிறேன், என் பெயரும் பதிவு எண்ணும் போட்டு.

இன்று காலையில் கடையைத் திறந்ததும் 2 மி.கி. பெட்டியை வேறு தட்டுக்கு மாற்றினேன். பையன் எடுத்துக் கொடுத்தால் சீட்டையும் அட்டையையும் சேர்த்து என் முன்னால் வைக்காமல் பில்லில் கையெழுத்து இல்லை என்று சொல்லியிருக்கிறேன். மதியம் வரைக்கும் நாற்பது சீட்டு. ஒவ்வொருவரிடமும் கேட்பதால் கூட்டம் தேங்குகிறது, முதலாளி முறைக்கிறார். வெள்ளைக்கோட்டு அக்கா, கூட்ட நேரத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள், யாரிடம் கட்டாயம் கேட்க வேண்டும், யாரை விடலாம்?